பிரியாணிச் சட்டியில் ஒரு புதிர்



சென்ற பெருநாளன்று தாம்பரத்திலுள்ள எங்கள் இல்லத்தில் பிரியாணிக்கான மசாலாப் பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பட்டை, கிராம்பு, ஏலக்காய் என ஒவ்வொன்றும் எந்த மரம் செடியிலிருந்து வருகிறது என்று வரிசையாகக் கேட்டு வந்த என் மகள், கல்பாசியைக் கையில் எடுத்து, "உம்மா, இது எந்தச் செடியின் இலை?" என்றாள். "ஏதோ மலைச்செடி" என்று சொல்லிச் சமாளித்தேன். கல்லூரியில் உயிரியல் பயிலும் அவளே மறுநாள் விடை கண்டுவந்தாள். அது செடியே அல்லவாம்!

கல்பாசி, 'லைக்கன்' எனும் கூட்டுயிர். அதற்கு வேரில்லை, தண்டில்லை, இலையுமில்லை. பூஞ்சை ஒன்று வீடு கட்டி, ஈரத்தைச் சேமித்துத் தருகிறது. அவ்வீட்டில் குடியிருக்கும் நுண்ணிய பாசி, சூரிய ஒளியில் உணவு சமைத்து இருவருக்கும் பகிர்கிறது. பூஞ்சையோ தாவர இனமே அன்று; உயிர்களின் உறவுமுறையில் அது விலங்குகளுக்கே நெருக்கமானது. சுவிட்சர்லாந்து அறிஞர் சைமன் ஷ்வெண்டனர் 1867இல் இக்கூட்டு வாழ்க்கையை எடுத்துரைத்தபோது, லைக்கன்களை ஆய்ந்துவந்த அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். பின்னர் உலகம் ஒப்புக்கொண்டது. சில லைக்கன்களில் மூன்றாவதாக ஓர் ஈஸ்ட்டும் உடன் வாழ்வதை 2016இல் கண்டறிந்தனர்.

இதைக் கேட்டதும் என் மனம் உறுத்தியது. எங்கள் கொல்லை மாமரத்தில் சாம்பல் நிறத் திட்டுகள் படர்ந்திருந்தன. நோயென்று அஞ்சி, முந்தைய ஆண்டு அவற்றைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசியிருந்தேன். அவையும் லைக்கன்களே! அவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழையும் வெயிலும் காற்றுமே அவற்றுக்குப் போதும். ஆனால் காற்று நஞ்சானால் பெரும்பாலான லைக்கன்கள் தாங்கமாட்டா. பாரிஸ் நகரில் அவை அருகி வருவதை வில்லியம் நைலாண்டர் 1866இலேயே கண்டு எழுதினார். ஜி.எஸ்.டி. சாலையின் வாகனப் புகைக்கு அருகில் வாழும் நாம், அவ்வாறு காற்றின் தரத்தைச் சொல்லும் ஓர் உயிரையன்றோ சுரண்டி எறிகிறோம்!

கல்பாசி மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இமயமலைச் சாரலிலும் மரப்பட்டைகளிலும் பாறைகளிலும் வளர்வது. இவ்வகை லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. உள்ளங்கையளவு கல்பாசி உருவாகப் பல ஆண்டுகள் வேண்டும். நாமோ அதை நொடியில் எண்ணெயில் இட்டுவிடுகிறோம்.

ஆகவே சகோதரிகளே, பிரியாணிக்கு ஒரு சிட்டிகை கல்பாசியே போதும். சூடான எண்ணெயில் பட்டதும் அதுவே மணக்கும். மரத்தின் மேலுள்ள சாம்பல் திட்டையும் அதன் போக்கில் விட்டுவிடுங்கள். எங்கள் மாமரத்தில் நான் இனிச் சுண்ணாம்பு பூசுவதாயில்லை.