மூக்கில்லாத செயலிகள்

இந்திய மசாலாப் பொருட்களைக் கற்றுத்தருவதாகச் சொல்லும் கைபேசிச் செயலிகள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. தொழில் சார்ந்த கோபம். பன்னிரண்டு வருடமாக டேட்டாபேஸ் வடிவமைத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரு செயலியைத் திறந்து மூன்று திரை தள்ளினாலே பின்னால் இருக்கும் டேபிள் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். படம், பெயர், தாவரவியல் பெயர், விளையும் இடம், சுவை, மருத்துவப் பலன்கள். முப்பது மசாலா, ஆறு கட்டம். கடைசியில் ஒரு குவிஸ். படத்தைப் பார்த்து ஏலக்காய் என்று சரியாகத் தொட்டால் பச்சை டிக், பத்துப் புள்ளி. ஏழு நாள் விடாமல் திறந்தால் ஒரு பேட்ஜ்.

ஏலக்காய் படத்தைப் பார்த்து ஏலக்காய் என்று சொல்ல யாருக்குங்க ஆப் வேணும்?

சமையல் ஆப்புக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். நம் தலைமுறையில் நிறைய பேர் பதினெட்டு வயதில் ஹாஸ்டல் போனோம். அங்கிருந்து பிஜி, அங்கிருந்து ஆர்டர் போட்டுச் சாப்பிடும் வாழ்க்கை. அடுப்படியில் பக்கத்தில் நின்று கற்க வேண்டிய வயதில் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்தோம். முப்பது வயதில் தனிவீடு எடுத்து, முதல்முறையாக மளிகை லிஸ்ட் போட உட்கார்ந்தால், கையில் இருக்கும் ஒரே ஆசிரியர் அந்தத் திரைதான். அது தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் திருத்த பக்கத்தில் ஆள் கிடையாது.

பெயரில் இருந்தே ஆரம்பிக்கலாம். டேபிளில் பெயருக்கு ஒரு கட்டம். ஆனால் சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம் மூன்றும் மூன்று வேறு செடிகள். பெருஞ்சீரகத்துக்கு சோம்பு என்றும் பெயர். கருஞ்சீரகத்தை ஆங்கிலத்தில் 'பிளாக் க்யூமின்' என்கிறார்கள். வடக்கே பிரியாணிக்குப் போடும் ஷாஹி ஜீராவுக்கும் அதே பெயர்தான், அது வேறு செடி. இலவங்கம் என்றால் கிராம்பு, இலவங்கப்பட்டை என்றால் வேறு மரத்தின் பட்டை. பிரிஞ்சி இலைக்கு 'பே லீஃப்' என்று போட்டு ஐரோப்பிய இலையின் படத்தை ஒட்டியிருந்த செயலியையும் பார்த்தேன். நம்ம இலையில் காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு ஓடும். அந்த இலையில் நடுவில் ஒன்றுதான். குடும்பம் ஒன்று, மரமும் வாசனையும் வேறு. இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. பச்சை மிளகு, கருமிளகு, வெள்ளை மிளகு மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம். மூன்றும் ஒரே கொடியில் காய்ப்பவை. பறித்த பிஞ்சை அப்படியே வைத்தால் பச்சை, வெயிலில் காயவைத்தால் கறுப்பு, ஊறவைத்துத் தோலை உரித்தால் வெள்ளை.

அந்த மூன்று சொற்களைப் பாருங்கள்: வைத்தால், காயவைத்தால், உரித்தால். எல்லாமே வினை. செயலியின் டேபிள் முழுக்கப் பெயர்ச்சொற்கள். அடுக்களை ஓடுவது வினைச்சொற்களில். தாளி, வறு, இடி, அரை, ஊறவை, நசுக்கு.

கடுகுக்குச் சுவைக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? முழுக் கடுகை வாயில் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறுகிறது; நசுங்கும்போது விதைக்குள் தனித்தனியே இருந்த நொதியும் இன்னொரு பொருளும் சேர்வதால் வருகிற காரம் அது. சூடான எண்ணெயில் வெடிக்கவிட்டால் அந்த நொதி செத்துவிடும், காரம் போய் வறுத்த பருப்பு மாதிரி ஒரு மணம் வரும். வங்காளத்து மீன் குழம்பு முதல் வகையில் நிற்கிறது, நம் சட்னி இரண்டாவதில். ஆந்திராவின் ஆவக்காய்க்கு கடுகின் பெயரே வைத்திருக்கிறார்கள்; அங்கே கடுகுப்பொடி வதங்குவதே இல்லை. ஒரே விதை, மூன்று பண்டம். நான் பார்த்த செயலியில் 'சுவை: காரம், லேசான கசப்பு' என்று இருந்தது. யாரோ கட்டத்தை நிரப்பியிருக்கிறார்கள்.

கல்பாசி இன்னும் நல்ல உதாரணம். செட்டிநாட்டுக் குழம்பின் முதுகெலும்பு அது. அதை ஆங்கிலத்தில் 'கல் பூ' என்று பெயர் வைத்து பூக்கள் பிரிவில் போட்டிருந்தார்கள். அது பூவே இல்லை, பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு லைக்கன்: பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். பொட்டலத்தில் முகர்ந்தால் காய்ந்த சருகு வாசம்கூட ஒழுங்காக வராது. எண்ணெயில் விழுந்த சில நொடிகளில் மண்ணும் புகையும் கலந்த ஒரு மணம் எழும். படத்தை வைத்து இதை எப்படிக் கற்றுத்தருவது?

இனி அந்த மருத்துவப் பலன்கள் கட்டம். நண்பர் ஒருவர் மூலம் ஒரு சின்ன நிறுவனத்தின் மசாலாச் செயலிக்கு வடிவமைப்பைப் பார்த்துச் சொல்லப் போனேன். அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். "அண்ணா, அதுக்காகத்தான் ஜனங்க உள்ளயே வர்றாங்க," என்றார்கள். அவர்கள் சொன்னது நிஜம்தான். ஆனால் அந்த நிஜத்தால் என்ன ஆகிறது? பட்டைப் பக்கத்தில் தினம் ஒரு ஸ்பூன் சர்க்கரைநோய்க்கு நல்லது என்று எழுதியிருந்தார்கள். எந்தப் பட்டை? இலங்கைப் பட்டை மெல்லிய சுருள்கள் பல அடுக்காக இருக்கும், விரலால் நொறுக்கலாம். நம் மளிகைக்கடையில் பெரும்பாலும் கிடைப்பது கேசியா, ஒரே அடுக்காக, தடித்து, கட்டை மாதிரி. கேசியாவில் கூமரின் பல மடங்கு அதிகம். தொடர்ந்து அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் ஈரலைப் பாதிக்கக்கூடியது. இரண்டுக்கும் ஒரே பக்கம், ஒரே படம், கீழே மருத்துவ ஆலோசனை. பெயர்க் கட்டத்தின் சோம்பேறித்தனம் பலன் கட்டத்தில் வந்து ஆளை அடிக்கிறது.

மஞ்சள் கதையும் இதேதான். மஞ்சளின் எடையில் குர்குமின் சுமார் 3 சதவீதம். அதுவும் உடலில் சரியாக ஏறுவதில்லை. ஒரு மருத்துவ வேதியியல் இதழில் 2017ல் வந்த பரிசீலனைக் கட்டுரை, குர்குமினை வைத்து நடந்த இரட்டை மறைப்புச் சோதனைகளில் எதுவும் வெற்றி பெறவில்லை என்று எழுதியது. மஞ்சளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. குழம்புக்கு அது வேண்டும், அவ்வளவுதான். உடல்நலத்தில் அவ்வளவு அக்கறை என்றால் இதை எழுதுங்கள்: வங்கதேசத்தில் மஞ்சளின் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயத்தைச் சேர்த்ததை ஆய்வாளர்கள் 2019ல் வெளிப்படுத்தினார்கள். 2024 ஏப்ரலில் ஹாங்காங் அரசு, எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி சில இந்திய மசாலாப் பொடிகளின் விற்பனையை நிறுத்தியது. பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது என்று ஒரு பக்கம்கூடக் கிடையாது. புற்றுநோயைத் தடுக்கும் என்று மட்டும் எல்லா இடத்திலும் இருக்கிறது.

விளையும் இடம் என்ற கட்டம் 'இந்தியா' என்ற ஒற்றைச் சொல்லில் முடிகிறது. பெருங்காயம் காலங்காலமாக ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறது. அதை இங்கே வளர்க்கும் முயற்சியாக இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அரசு விஞ்ஞானிகள் கன்று நட்டது 2020 அக்டோபரில். கிராம்பு இந்தோனேசியத் தீவுகளின் மரம். மிளகாய் போர்த்துகீசியர் வழியாக வந்த அமெரிக்கக் காய். மிளகு போலக் காரமான காய் என்று நாம் வைத்த பெயரிலேயே அது புதிதாக வந்தது என்ற தகவல் இருக்கிறது. 'தொன்மையான பாரத மசாலா' என்று முகப்பில் எழுதுகிறவர்களுக்கு இந்த வரலாறு இடைஞ்சல்.

இங்கேயே விளைவதற்கும் இதே கதிதான். ஏலக்காய்ப் பக்கத்தில் பனிமூடிய இடுக்கி மலையின் படம். ஏலச்செடியில் காய் பிடிப்பது அடித்தூரில், தரையோடு தரையாக. ஒரே நேரத்தில் பழுக்காது. அதனால் ஒரே செடிக்கு இடைவெளி விட்டுப் பல சுற்று வர வேண்டும், குனிந்தோ உட்கார்ந்தோ பொறுக்க வேண்டும். அந்த வேலைக்குத் தேனி மாவட்டத்திலிருந்து பெண்கள் விடியலில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுகிறார்கள், இருட்டுவதற்குள் இறங்குகிறார்கள். போடியில் ஏலம் நடக்கிறது, மில்லிமீட்டர் கணக்கில் காய் தரம் பிரிக்கப்படுகிறது. காயின் குறுக்களவுக்கு டேபிளில் இடம் உண்டு. பொறுக்கின கைக்கு இல்லை.

டேபிளே கூடாதா என்றால், அப்படிச் சொல்லவில்லை. புண்ணை மஞ்சள் ஆற்றும் என்பதற்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி வாதாடி 1997ல் அதை ரத்து செய்யவைத்தது. பிறகு பாரம்பரிய அறிவை எண்மயமாக்கி ஒரு நூலகமே உருவானது. பட்டியல் நம்மைக் காப்பாற்றும். ஆனால் அந்தப் பட்டியல் காப்புரிமை அதிகாரிக்கானது. சமைக்கக் கற்கிறவருக்கு வேண்டியது வேறு.

என்னிடம் கேட்டால், ஏழு பொருளோடு நிறுத்துவேன். அஞ்சறைப்பெட்டியின் பெயரில் ஐந்து, இன்றைய எவர்சில்வர் டப்பாவில் ஏழு கிண்ணம். அந்த டப்பாவே நல்ல யூஐ: அதிகம் எடுப்பது கைக்கு அருகே, பார்க்காமலே விரல் போகும். நம் செயலிகளோ ஆங்கில அகரவரிசையில் ஓமத்தில் தொடங்கி, தினமும் போடும் மஞ்சளைக் கடைசியில் வைக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு வேலை கொடுப்பேன். கடுகைப் பாதி அரை, பாதி தாளி, இரண்டையும் நக்கிப் பார், என்ன வித்தியாசம் என்று உன் சொல்லில் எழுது. கடைக்குப் போய் பட்டையை விரலால் உடைத்துப் பார், உடைகிறதா சொல். உன் ஊரில் சோம்புக்கு என்ன பெயர், யாரிடம் கேட்டாய்? சரி, தப்பு, பேட்ஜ் எதுவும் கிடையாது. எழுதினவற்றை அடுத்த ஊர்க்காரர் எழுதியதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

முதலீட்டாளர் ஒருவரும் இதற்குப் பணம் தர மாட்டார் என்று தெரியும். பயனர் எவ்வளவு நேரம் திரையைப் பார்த்தார் என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. நான் சொல்லும் செயலியில் ஒருவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் இருந்தால் அது பிழை. எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது, போனைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும்.