ஊராட்சி வரை வந்த இழை

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபர் கேபிளால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தை இங்கே நடத்துவது மாநில அரசின் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம். சுமார் 1,815 கோடி ரூபாய்த் திட்டம். எத்தனை கிலோமீட்டர் கேபிள் இழுத்தாயிற்று, எத்தனை ஊராட்சிக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவ்வப்போது அறிக்கை வருகிறது. அந்தக் கேபிளை யார் யார் வாடகைக்கு எடுக்கலாம், என்ன வாடகை, என்ன நிபந்தனை என்ற பேச்சு மட்டும் அரிதாகவே காதில் விழுகிறது. ஒரு கிராமத்து வீடு இணையத்துக்கு மாதம் எவ்வளவு கட்டப்போகிறது என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஃபைபரில் கண்ணாடி இழை மலிவு. தோண்டுவதும் இழுப்பதும்தான் செலவு. சாலையை வெட்ட அனுமதி, கம்ப வாடகை, ஆள் கூலி என்று பணம் போகும். வீடுகள் நெருங்கி நிற்கும் நகரத் தெருவில் நான்கு நிறுவனங்கள் தனித்தனியாகக் கேபிள் இழுத்தாலும் கட்டுப்படியாகிறது. சென்னையில் கம்பத்துக்குக் கம்பம் கறுப்புக் கேபிள் சுருள் சுருளாகத் தொங்குவது அதனால்தான். நூறு வீடுள்ள ஊருக்கு இரண்டாவது கேபிளைத் தூக்கிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். முதலில் வந்தவர் வைத்ததுதான் விலை. பழுதானால் அவருக்கு எப்போது தோதுப்படுகிறதோ அப்போதுதான் ஆள் வரும்.

சிங்கப்பூர் இந்தச் சிக்கலை முன்கூட்டியே யோசித்தது. தேசிய ஃபைபர் கட்டமைப்பைத் திட்டமிட்டபோதே தொழிலை மூன்று அடுக்காகப் பிரித்தது. இழையைப் பதித்துப் பராமரிப்பவர் ஒருவர், அதில் ஒளியைச் செலுத்தும் கருவிகளை நடத்துபவர் இன்னொருவர், வீடுகளுக்கு விற்பவர்கள் பலர். இழைக்காரர் வீட்டு வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கக் கூடாது. ஒரு வீட்டு இணைப்புக்கு மாதம் 15 சிங்கப்பூர் டாலர் என்று மொத்த வாடகை நிர்ணயமாயிற்று. பெரிய நிறுவனத்துக்கும் நேற்று முளைத்த நிறுவனத்துக்கும் அதே வாடகை. 2010-இல் சேவை தொடங்கியது. சொந்தமாக ஊரெங்கும் பள்ளம் தோண்டாத மைரிபப்ளிக் என்ற புதிய நிறுவனம், 2014 தொடக்கத்தில் நொடிக்கு 1 கிகாபிட் வேக இணைப்பை 50 டாலருக்கும் குறைவாக விற்றது. ஏற்கெனவே சந்தையில் இருந்தவர்களும் விலையை இறக்க வேண்டியதாயிற்று.

அங்கேயும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. இழையை வைத்திருந்த அமைப்பு, நாட்டின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல்லின் கைக்குள் போனபோது, போட்டியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சிங்டெல் தன் பங்கை 2018-க்குள் 25 சதவீதத்துக்குக் கீழே குறைக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் நிபந்தனை விதித்தது. 2017-இல் அந்த அமைப்பு பங்குச் சந்தைக்கு வந்தது. வாடகையைக் காகிதத்தில் எழுதிவைத்தால் மட்டும் போதாது, இழை யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அந்த ஆணையம் உணர்ந்திருந்தது. நியூசிலாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. ஃபைபர் திட்டத்தில் அரசுப் பணம் வேண்டுமானால் நிறுவனத்தைப் பிரி என்றது. 2011-இல் அங்கிருந்த பெரிய டெலிகாம் நிறுவனம் இரண்டானது. கேபிளை வைத்துக்கொண்ட சோரஸ் வீடுகளுக்கு விற்பதில்லை. 2022 இறுதியில் அந்த நாட்டு மக்களில் 87 சதவீதம் பேருக்கு ஃபைபர் எட்டியிருந்தது.

இந்தியாவுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. 2004-இல், பிஎஸ்என்எல்லின் செம்புக் கம்பிகளைப் பிற நிறுவனங்களும் வாடகைக்கு எடுத்து இணையம் விற்க வழிசெய்யலாம் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. அதே ஆண்டு வந்த பிராட்பேண்ட் கொள்கை அதைக் கட்டாயமாக்காமல், நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. கம்பி வைத்திருப்பவர், தன் வாடிக்கையாளரைப் பறிக்க வருபவரிடம் எதைப் பேசி முடிப்பார்?

இன்று கையில் இருக்கும் பாரத்நெட் இரண்டாவது வாய்ப்பு. 2011-இல் மத்திய அரசு இந்த ஃபைபர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோதே, எல்லாச் சேவை நிறுவனங்களுக்கும் பாகுபாடின்றி இழை கிடைக்கும் என்றுதான் சொன்னது. செலவுக்கான நிதியும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் பிடித்துச் சேர்த்தது. கடைசியில் அது நம் போன் கட்டணம்தான். வாரச்சந்தைத் திடல் ஊராட்சிக்குச் சொந்தம், கடை யார் வேண்டுமானாலும் போடலாம், கடைக்கு எவ்வளவு சுங்கம் என்று வாசலில் பலகை இருக்கும். இந்த இழையும் அப்படி நடக்க வேண்டும். ஒரே வாடகைப் பட்டியல், எல்லாருக்கும் தெரியும்படி வெளியிடப்பட வேண்டும். எந்த ஊராட்சியையும் ஒரே நிறுவனத்துக்கு ஏகபோகமாக எழுதிக்கொடுக்கக் கூடாது. அரசு நிறுவனம் தானும் வீடுகளுக்கு விற்க இறங்கினால், அந்தப் பிரிவுக்குத் தனிக் கணக்கு வேண்டும். அதுவும் அதே வாடகையைக் கட்ட வேண்டும்.

ஊராட்சி அலுவலகத்தில் இருந்து வீட்டு வாசல் வரை கொண்டுபோக ஆள் வெளியில் தேட வேண்டியதில்லை. நம் ஊர்க் கேபிள்காரர்கள் இருக்கிறார்கள். கிளை வெட்டியபோது கேபிள் அறுந்துபோனால், பைக் சீட்டின் மேல் ஸ்பிளைசிங் மெஷினை வைத்து, தலைமுடி கனமுள்ள இழையின் மேலுறையை உரித்து, முனையைச் சீராக வெட்டி, மின்பொறியில் உருக்கி ஒட்டி, ஸ்லீவை ஒட்டின் மேல் நகர்த்திச் சூடேற்றிவிட்டுப் போகிறார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் மாதக் கடைசியில்தான் பணம் தருவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. டிவி இணைப்புகள் குறைந்துவரும் காலத்தில், பெரிய நிறுவனத்தின் வசூல் ஆளாக மட்டும் அவர்கள் சுருங்கிவிடக் கூடாது. உரிமம் பெற்ற சிறிய நிறுவனங்களாக, இந்த இழையை மொத்த விலைக்கு எடுத்துச் சொந்தப் பெயரில் விற்க அவர்களுக்கு வழி வேண்டும். குறைந்தபட்ச வாடகையும் வைப்புத்தொகையும் பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து நிர்ணயிக்கப்பட்டால், கதவு திறந்திருந்தும் அவர்களால் உள்ளே வர முடியாது.

சொந்தப் பணத்தில் இழுத்த கேபிளை நாங்கள் ஏன் பகிர வேண்டும் என்று தனியார் நிறுவனங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த இழையை இப்போதே திறந்துவிடச் சொல்ல வேண்டாம்; நாளைக்கு யாரும் முதலீடு செய்ய வரமாட்டார்கள். ஆனால் மின்கம்பமும் சாலையோரமும் பொதுச்சொத்து; அங்கே யாருக்கும் ஏகபோகம் கூடாது. கட்டடத்துக்குள்ளும் அப்படித்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் கட்டுநர் ஒரே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு மற்றவர்களை உள்ளே விடாமல் தடுப்பதை அனுமதிக்கக் கூடாது என்று டிராய் 2017-இலேயே பரிந்துரைத்திருக்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கே தன் இணைய நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை என்பது அநியாயம்.

கிராம இழைக்கான வாடகைப் பட்டியல், அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஒட்டப்படும் என்ற கெடு, கெடு தவறினால் வாடகையில் கழியும் தொகை ஆகிய மூன்றையும் தகவல் தொழில்நுட்பத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே தமிழில் அச்சிட்டு ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்துக்கும் அரசு அனுப்பிவைக்க வேண்டும்.