கடைசி ஆள் வந்தாச்சா? ஏலகிரி ஏறும் சைக்கிள் குழுவின் முதல் கேள்வி! | ஞாயிறு சவாரி

மலைக்கு சைக்கிளில் போகிறோம் என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘ஏற முடியுமா?’ கொஞ்சம் ஆசை வந்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த கேள்வி கேட்பார்கள். ‘நான் கடைசியா வந்துட்டா?’

ஏற முடியுமா என்பதற்கு கியரும் இட்லியும் பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குக் கூட வரும் குழுதான் பதில் சொல்ல வேண்டும். மலைச் சவாரிக்குப் பெயர் கொடுக்க நினைக்கும் பலர் கடைசி நிமிடத்தில் பின்வாங்குவது கால்வலிக்குப் பயந்து இல்லை. இந்தக் கேள்விக்குப் பயந்துதான்.

இந்த வாரம் நாம் போனது திருப்பத்தூர் மாவட்டம் ஏலகிரி. ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் மலை கண்ணெதிரே தெரியும். அடிவாரம் பொன்னேரி. அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏரி, தோட்டங்கள், கிராமங்கள், அவற்றைச் சுற்றி மண் பாதைகள். தார்ச் சாலையில் ஏறி, மண்ணில் உருண்டு, மறுபடியும் தார்ச் சாலையில் இறங்கும் கலவையான சவாரி. வந்தவர்கள் 26 பேர். பிளஸ் டூ முடித்த தம்பியும் இருந்தார், ரிட்டையர் ஆன தாத்தாவும் இருந்தார். இது ரேஸ் கிடையாது. பரிசு, பதக்கம், முதலிடம் எதுவும் இல்லை.

இட்லிக் கணக்கு

ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். அடிவாரமே ஏறத்தாழ 400 மீட்டரில் இருப்பதால், நாம் ஏற வேண்டியது சுமார் 700 மீட்டர்.

60 கிலோ எடையுள்ள ஒருவர், 15 கிலோ சைக்கிளோடு அந்த உயரத்துக்குப் போக எவ்வளவு சக்தி வேண்டும்? பள்ளியில் படித்த இயற்பியல் கணக்குதான். எடையையும் உயரத்தையும் வைத்துப் பார்த்தால் சுமார் 120 கலோரி வருகிறது. ‘இவ்வளவுதானா!’ என்று சந்தோஷப்படாதீர்கள். நாம் சாப்பிடுவதில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேரும். மீதி உடம்புச் சூடாகவும் வியர்வையாகவும் போய்விடும். ஆக, 500 முதல் 600 கலோரி தேவை. சட்னி, சாம்பாரைச் சேர்க்காமல் பத்துப் பன்னிரண்டு இட்லி!

அத்தனையையும் காலையிலேயே உள்ளே தள்ளிவிட்டு ஏறினால் மூன்றாவது வளைவிலேயே வயிறு பிடித்துக்கொள்ளும். முதல் நாள் இரவு வழக்கமான சாப்பாடு, காலையில் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ, வழியில் அவ்வப்போது கடலை மிட்டாய், பேரீச்சை. தண்ணீரில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்துகொண்டால் நல்லது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் வாய் வாயாகக் குடித்துக்கொண்டே போக வேண்டும். வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வளைவுகளில் நிற்காதீர்கள். ஏலகிரிக் குரங்குகள் உங்களைவிட வேகமானவை.

கியர் விஷயத்தில் ஒரே ஒரு விதி போதும். ஏற்றம் தொடங்கும் முன்பே எளிய கியருக்கு வந்துவிடுங்கள். கால் திணறிய பிறகு மாற்றினால் செயின் கடகடவென்று சண்டை போடும், சில சமயம் கழன்றும் விடும். பக்கத்தில் வருபவரோடு இரண்டு வார்த்தை பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

மலையில் குழு எதற்கு?

சமதளத்தில் குழுவாக ஓட்டுவதில் நேரடி லாபம் உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். பின்னால் ஒட்டி வருபவருக்கு உழைப்பு குறையும். ஆனால், ஏற்றத்தில் நாம் போவதே மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் காற்றே பெரிய தடை இல்லை. முன்னால் யார் போனாலும் நம் எடையை நாம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அப்படியென்றால், மலையில் குழுவால் என்ன பயன்? காத்திருப்பதுதான். மலையில் ஒருவருக்கு இன்னொருவர் தரக்கூடிய பெரிய உதவி அது ஒன்றுதான்.

அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எங்களோடு வந்த, 50 வயதைத் தாண்டிய அக்கா சொன்னது இது. “போன தடவை வேற ஒரு குரூப்போட போனேன். எனக்காக ஒவ்வொரு இடத்துலயும் நின்னாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா நான் போய்ச் சேர்ந்ததும் ‘அக்கா வந்தாச்சு, கிளம்பலாம்’னு எல்லாரும் ஏறிடுவாங்க. தண்ணி பாட்டில் மூடியைத் திறக்கக்கூட நேரம் இருக்காது. அவங்க எல்லாரும் பத்து நிமிஷம் ரெஸ்ட் எடுத்திருப்பாங்க. எனக்கு ஒரு நிமிஷம்கூட இல்ல. அதுக்கப்புறம் ஒரு வருஷம் சைக்கிளைத் தொடல.”

யோசித்துப் பாருங்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுபவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. வேகமாக வருபவருக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாராளமாகக் கிடைக்கிறது. காத்திருந்த குழுவும் ‘நாங்க நின்னோமே’ என்று நினைத்துக்கொள்ளும். யாரும் கெட்டவர்கள் இல்லை. கணக்குதான் தப்பு.

இந்தக் குழுவில் அதற்கு எளிய தீர்வு வைத்திருந்தார்கள். கடைசி ஆள் வந்து, சைக்கிளை விட்டு இறங்கிய பிறகுதான் ஐந்து நிமிடக் கணக்கு தொடங்கும். ‘போலாம்’ என்று சொல்லும் உரிமையும் அவருக்குத்தான். அன்று பெரும்பாலும் அந்த உரிமை அக்காவிடமே இருந்தது. ஏரிக்கரையில் நின்றபோது டீ குடித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாக, “ம்... போலாம்” என்றார். முன்னால் பறந்துகொண்டிருந்த தம்பிகள் சமர்த்தாகக் காத்திருந்தார்கள்.

எல்லோருக்கும் பின்னால் ‘ஸ்வீப்’ என்று ஓர் அண்ணா வருவார். பஞ்சர் கிட், காற்றுப் பம்ப், முதலுதவிப் பெட்டி அவரிடம்தான். யார் நின்றாலும் அவரும் நிற்பார். அவரைத் தாண்டி யாரும் பின்னால் போகக் கூடாது. எனவே, நீங்கள் நினைத்தாலும் கடைசி ஆளாக முடியாது!

ஏலகிரியின் வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். அன்று போனில் ஒருவர், “அண்ணா, பாரிகிட்ட உக்காந்திருக்கேன், வந்துடுறேன்” என்றார். முல்லைக்குத் தேர் கொடுத்தவர், களைத்தவருக்கு ஓரமாக இடம் கொடுக்காமலா இருப்பார்?

மண் பாதை வேறு பாடம்

மேலே நிலாவூர், மங்கலம் கிராமங்களின் பக்கம் தாரை விட்டு இறங்கினோம். செம்மண், உருளும் ஜல்லி, நடுநடுவே மாட்டு வண்டித் தடம். இங்கே தார்ச் சாலையின் பழக்கங்கள் எல்லாம் தலைகீழ்.

டயர் கல் மாதிரி இருந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் தரையைப் பிடித்துக்கொண்டு போகும். எவ்வளவு வரை குறைக்கலாம் என்பது சில டயர்களின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். சீட்டிலிருந்து லேசாக எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்தி வைத்தால் அதிர்ச்சியை உடம்பு வாங்கிக்கொள்ளும். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் ஏறுவீர்கள். போக வேண்டிய வழியைப் பாருங்கள். உருளும் ஜல்லியில் முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் முன் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஓர் ஏற்றத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தேன். பின் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றியது. எதிரே புல்லுக்கட்டோடு தன் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் நின்று பார்த்தார். “இறங்கித் தள்ளும்மா. சைக்கிள் கோவிச்சுக்காது” என்றார்.

பின்னால் வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒவ்வொருவராக இறங்கித் தள்ளினார்கள். சைக்கிளைப் பிழைப்புக்கு ஓட்டுபவர்கள் மேட்டில் இறங்கித் தள்ளுவதை அவமானமாக நினைப்பதில்லை. பால் கேன் கட்டியவரும், இளநீர் ஏற்றியவரும் அப்படித்தான் மேடு கடக்கிறார்கள். பொழுதுபோக்குக்கு ஓட்டும் நமக்குத்தான் அதில் கௌரவப் பிரச்னை.

ஆபத்து இறக்கத்தில்தான்

ஏறும்போது பயப்படுபவர்கள் இறங்கும்போது பயப்படுவதில்லை. உண்மையில் தலைகீழாக இருக்க வேண்டும்.

மேலே ஏற்றி வைத்த சக்தி முழுவதும் இறங்கும்போது வேகமாகவோ சூடாகவோ வெளியே வந்தாக வேண்டும். அதே 75 கிலோ, அதே 700 மீட்டர். அந்தச் சக்தியை அப்படியே சூடாக்கினால் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க உங்கள் பிரேக் கட்டைகளுக்கும் ரிம்முக்கும்தான். விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து, டியூப் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு.

அதனால் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு வர வேண்டும். இரண்டு பிரேக்கையும் பயன்படுத்த வேண்டும். வேகத்தை வளைவுக்குள் நுழையும் முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் மணலோ ஜல்லியோ கிடந்தால் அங்கே பிரேக் பிடிப்பது வழுக்கலுக்கு வழி. கை வலித்தால் ஓரமாக நிறுத்தி, ரிம்மும் கையும் ஆறும் வரை நில்லுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் தேவை. அதற்கும் தடுப்புச் சுவருக்கும் இடையில் நுழையவே கூடாது. ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்று, பஸ் முழுவதும் திரும்பிய பிறகு போகலாம். குழுவாக இறங்கும்போது இருவருக்கும் இடையே நல்ல இடைவெளி வேண்டும். முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன் சக்கரம் இருக்கக் கூடாது. அவர் ஒரு குழியைத் தவிர்க்கத் திரும்பினால் விழப்போவது நீங்கள். “குழி!”, “வண்டி!”, “நிக்கிறேன்!” என்று சத்தமாகச் சொல்லுங்கள். மலையில் கூச்சம் வேண்டாம்.

அன்று இறக்கத்தில் முந்துவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. ஏறும்போது பறந்த தம்பிகள், இறங்கும்போது அக்காவுக்குப் பின்னால் வரிசையில் வந்தார்கள்.

பெயர் கொடுக்கும் முன்...

தமிழகத்தின் பல ஊர்களில் இப்போது சைக்கிள் குழுக்கள் இருக்கின்றன. 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய ‘பிரெவே’ என்னும் நெடுந்தூரச் சவாரிகளும் நடக்கின்றன. அதிலும் முதலிடம், இரண்டாம் இடம் கிடையாது. நேரத்துக்குள் வந்த எல்லோரும் வென்றவர்களே. ஆனால், முதன்முறை மலைக்குப் போகிறவர்கள் தூரத்தையும் கட்டணத்தையும் விசாரிப்பதற்கு முன் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. எல்லோருக்கும் பின்னால் வர ஒருவர் இருக்கிறாரா?

2. பாதை பிரியும் இடங்களில் யாராவது நிற்பார்களா? மண் பாதையில் எல்லாப் பிரிவும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

3. ஓய்வு நேரத்தை முதல் ஆள் வந்ததிலிருந்து கணக்கிடுவீர்களா, கடைசி ஆள் வந்ததிலிருந்தா?

4. முடியாவிட்டால் பாதியில் திரும்ப வழி என்ன? வண்டி கூட வருகிறதா?

‘அதெல்லாம் பார்த்துக்கலாம், வாங்க’ என்று பதில் வந்தால், அடுத்த குழுவைத் தேடுங்கள். ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள். சைக்கிள் லட்ச ரூபாய்க்கு இருக்க வேண்டியதில்லை. பிரேக் கட்டை தேயாமல், செயின் துருப்பிடிக்காமல் இருந்தால் போதும். ஹெல்மெட் மட்டும் கட்டாயம்.

ஏற்கெனவே குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மேலே முதலில் போய்ச் சேர்ந்தால், கடைசியாக வருபவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, மறுபடியும் உட்கார்ந்துகொள்ளுங்கள். எழுந்து நிற்க வேண்டாம். நீங்கள் எழுந்து நின்றாலே, ‘கிளம்பணும்போல’ என்று அவர் மூச்சு வாங்கியபடியே பெடலில் கால் வைத்துவிடுவார்.

(அடுத்த ஞாயிறு: பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்வோம்!)