வள்ளியப்பாவுக்குப் பொன்னாடை, பிள்ளைகளுக்குப் பூட்டு

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்தநாள் விழாவுக்கு ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்திலிருந்து அழைப்பிதழ் வந்தது. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று ஒரு டஜனுக்கு மேல் பெயர்கள். ‘ஏற்புரை’கூட இருந்தது. கவிஞர் 1989-லேயே மறைந்துவிட்டார். எதை ஏற்று யார் உரையாற்றப் போகிறார்கள் என்பது அச்சகத்தாருக்கே வெளிச்சம். அடியில் ஒற்றை வரி: ‘பாடல் ஒப்பித்தல், மாறுவேடப் போட்டிகளில் வென்ற மாணவர்களுக்குப் பரிசளிப்பு’. புத்தகம் என்ற சொல் அழைப்பிதழில் எங்குமே இல்லை.

ஆண்டுதோறும் நவம்பர் பிறந்தால் இதே கூத்துதான். 7-ஆம் தேதி வள்ளியப்பா பிறந்தநாள். 14-ஆம் தேதி குழந்தைகள் நாள். அன்றே தொடங்கி 20 வரை தேசிய நூலக வார விழா. 2022-ல் கவிஞரின் நூற்றாண்டு வந்த பிறகு உற்சாகம் இன்னும் கூடியிருக்கிறது. கொண்டாட வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால், ஒரு குழந்தை எழுத்தாளரை நூலகம் கொண்டாடுகிறது என்றால், அவருடைய புத்தகம் ஒரு குழந்தையின் பையில் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும். அது நடக்காத எந்த விழாவும் பெரியவர்கள் தங்களுக்குத் தாங்களே எடுத்துக்கொள்ளும் விழா.

வள்ளியப்பாவின் லட்டுப் பாட்டு தெரியாத தமிழ் வீடு குறைவு. தட்டில் எட்டு லட்டு. அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. கடைசியில் மிஞ்சுவது வெறும் தட்டு. அடிக்கு அடி ஒரே இயைபு. வகுத்தல் கணக்கும் பங்கு போடும் நியாயமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. எங்கும் அறிவுரை இல்லை. பிள்ளைகள் கையைத் தட்டி, ஓடி, சிரித்து, நடுவில் ஒரு வரியை மாற்றிப் போட்டுப் பாட வேண்டிய பாட்டு அது.

நான் போயிருந்த ஒரு விழாவில் அந்தப் பாட்டுக்கு நேர்ந்த கதியைச் சொல்கிறேன். பள்ளிச் சீருடையில் பிள்ளைகளை ஜமக்காளத்தில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அவர் வந்தார், பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, பேச்சுகள் முடிந்தன. பிறகு ஒரு சிறுமி கைகளைக் கட்டிக்கொண்டு, தன் உயரத்துக்கு இறக்கப்படாத மைக்கை அண்ணாந்து பார்த்து லட்டுப் பாட்டை ஒப்பித்தாள். ஒரு வரி தாவிவிட்டது. நடுவர் ஏதோ குறித்துக்கொண்டார். மூன்றாம் பரிசு. பரிசு, ஒரு டிபன் பாக்ஸ்!

சிறுவர் பகுதி எங்கே என்று நூலகரைக் கேட்டேன். மேடைக்குப் பின்னால் நின்ற இரும்பு பீரோவைக் காட்டினார். பூட்டியிருந்தது. “வெளிய வச்சா கிழிச்சிடுறாங்க சார். ஒண்ணு தொலைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும். ஆடிட்டுக்கு வர்றவங்க, புள்ளைங்க கிழிச்சதுன்னு சொன்னா விடுவாங்களா?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கிழிந்த புத்தகம் என்றால் யாரோ படித்த புத்தகம் என்று அர்த்தம். அதைக் குற்றமாக எழுதிவைக்கும் பதிவேட்டின் மேல்தான் கோபம். பீரோவைத் திறந்து காட்டவும் செய்தார். திருக்குறள் உரைகளும் பொதுஅறிவு வினா-விடைகளும் அடுக்கியிருந்தன. ‘மலரும் உள்ளம்’ இல்லை. 1944-ல் வள்ளியப்பாவைத் தமிழ்க் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்திய தொகுப்பு அவருடைய பிறந்தநாள் நடக்கும் கட்டடத்திலேயே இல்லை.

காசு இல்லை என்பார்கள். இந்த இடத்தில் என் பழைய பாட்டைப் பாடாமல் இருக்க முடியாது. நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. ஆயிரம் ரூபாய் வரிக்கு மேல் நூறு ரூபாய். சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாகாணம்தான். 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்தது. அதன் பின்னால் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. நூலகத்துக்கென்றே தனி வரி என்பதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். உள்ளாட்சிகள் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் தர வேண்டும். தருகிறார்களா? வசூலித்ததை வருடக்கணக்கில் நிலுவையில் வைப்பது ஊரறிந்த கதை. வேறு எந்த வரியிலாவது இப்படி நடந்தால் சும்மா இருப்போமா?

கேரளத்தைப் பாருங்கள். (இதைச் சொன்னாலே சிலருக்கு மூக்கு வியர்த்துவிடும், வியர்க்கட்டும்.) அங்கே நூலக வரி ரூபாய்க்கு 5 காசுதான். நம்முடையதில் பாதி. கல்வி பட்ஜெட்டில் ஒரு சதவீதத்தை அரசு தனியாக நூலகங்களுக்குத் தர வேண்டும் என்று அவர்கள் சட்டம் சொல்கிறது, உண்மைதான். ஆனால், வித்தியாசம் பணத்தில் இல்லை. 1945-ல் பி.என். பணிக்கர் 47 ஊர் நூலகங்களைக் கூட்டி அம்பலப்புழையில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் மறைந்த ஜூன் 19-ஐ 1996 முதல் வாசிப்பு நாளாக வைத்திருக்கிறார்கள். பெயரைக் கவனியுங்கள்: மனிதரின் பெயரில் விழா இல்லை, அவர் செய்த வேலையின் பெயரில் நாள். குழந்தை இலக்கியத்துக்கென்று அந்த அரசு 1981-ல் தனி நிறுவனமே அமைத்து, புத்தகமும் பத்திரிகையும் வெளியிடுகிறது. இங்கே அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1950-ல், குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கியவர் யார்? பகலில் இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இதே வள்ளியப்பா. குழந்தை இலக்கியம் பல்கலைக்கழகப் பாடமாக வேண்டும் என்று கடைசிவரை வாதாடியவரும் அவர்தான். அந்த மனிதருக்கு நாம் செய்யும் மரியாதை மாறுவேடப் போட்டி.

புத்தகம் வாங்கும் முறையும் பிள்ளைகளுக்கு விரோதமாகவே இருந்துவந்திருக்கிறது. ஒரு ஃபாரத்துக்கு இத்தனை ரூபாய் என்று பதினாறு பக்கக் கணக்கில் விலை போட்டு வாங்குவது நெடுங்கால வழக்கம். முந்நூறு பக்கத்துக்குக் கறுப்பு-வெள்ளையில் அச்சடித்தவர் பிழைத்துக்கொள்வார். ஓவியரை வைத்து, நல்ல தாளில், பல வண்ணத்தில் இருபத்து நான்கு பக்கம் போட்ட பதிப்பாளர் கையைச் சுட்டுக்கொள்வார். பருப்பையும் குங்குமப்பூவையும் ஒரே தராசில் நிறுத்து ஒரே விலை சொல்வது போன்ற கணக்கு இது. தமிழில் நல்ல படக்கதைப் புத்தகம் ஏன் இல்லை என்று கருத்தரங்கம் நடத்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

விழா வைத்தால்தான் பிள்ளைகள் நூலகத்துக்கு வருவார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் மறுவாரம் வந்தார்கள் என்று கேளுங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள். கைப்பேசிதான் வாசிப்பைக் கெடுத்தது என்பது இன்னொரு கூட்டம். அந்த பீரோவைக் கைப்பேசி பூட்டவில்லை. இவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்க நான் தயாரில்லை.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பகுதி கண்ணைப் பறிக்கிறது. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இதழ்களும் வந்தன. நல்லதே. ஆனால், வள்ளியப்பா பிறந்த புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரத்துப் பிள்ளை லட்டுப் பாட்டுப் புத்தகத்துக்காக மதுரைக்கு பஸ் ஏற முடியாது. மாநகரத்தில் எட்டு மாடி எழுப்புவது சுலபம். கிளை நூலகத்தில் ஒரு தாழ்வான அலமாரி வைப்பதுதான் நமக்கு வராத வித்தை.

ஆகவே, குழந்தை எழுத்தாளர் பெயரில் நூலகங்களில் விழா நடத்துவதையே அரசு நிறுத்த வேண்டும். மேடை, பொன்னாடை, சால்வை, கேடயம், மாறுவேடம் எல்லாவற்றையும். நவம்பர் 7 அன்று ஒரே நிகழ்ச்சி போதும்: வருகிற ஒவ்வொரு குழந்தையும், உறுப்பினர் அட்டை இல்லாவிட்டாலும், முன்பணம் கட்டாமல் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகட்டும். திரும்பி வராதவற்றை நூலகரின் தலையில் கட்டாமல் தள்ளுபடி செய்யுங்கள். பத்தில் மூன்று தொலையும் என்றே வைத்துக்கொள்வோம். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சிற்றுண்டிக்கும் ஆகும் செலவில் அந்த நட்டம் அடங்கிவிடும். இதைச் செய்தால் ஐந்தே ஆண்டுகளில் தமிழ்க் குழந்தை இலக்கியம் தலைகீழாக மாறும். செய்யாவிட்டால் வள்ளியப்பாவின் அடுத்த நூற்றாண்டுக்கு அவரைப் படித்தவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சொத்து வரி கட்டும்போது ரசீதில் நூலக வரி என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அந்த ரசீதோடும் வீட்டுப் பிள்ளையோடும் உங்கள் கிளை நூலகத்துக்குப் போய், சிறுவர் பீரோவின் சாவியைக் கேளுங்கள்.