துளை விழுந்த பக்கம்

பிரான்சில் வாழும் நண்பர் ஒருவர் அனுப்பிய படக்கதை நூலைப் புரட்டியபோது, நடுவே ஒரு தாளில் சதுரமான துளையொன்று தென்பட்டது. இராமபாணத்தின் கைவரிசையோ என ஐயுற்றேன். ஆயின் இராமபாணம் அடிமட்டம் வைத்து அரிப்பதில்லையே! அச்சகத்தாரின் பிழையென்று தீர்ப்பளித்து, நூலை அலுமாரியில் வைத்துவிட்டேன். கறுப்பும் வெள்ளையுமாய் நெருக்கியடித்து நின்ற அதன் படங்களும் அன்று என்னைக் கவரவில்லை.

சில மாதங்களின் பின், மழைநாள் ஒன்றில், அகராதியைத் துணைக்கொண்டு மீண்டும் படித்தேன். மார்க் அந்துவான் மத்தியூ எழுதி வரைந்து 1990இல் வெளிவந்த நூல் அது. ‘லோரிஜின்’, அதாவது ‘தோற்றுவாய்’ என்பது பெயர். கதாநாயகன் ஜூலியுஸ் கொரெந்தான் அக்ஃபாக், நகைச்சுவை அமைச்சில் ஓர் உத்தியோகத்தன். (நகைச்சுவைக்கும் அமைச்சு வைத்த அரசு!) அக்ஃபாக் என்பதைப் பின்னிருந்து ஒலித்துப் பாருங்கள், காஃப்கா என்னும் எழுத்தாளரின் பெயர் கேட்கும்.

அவனுக்குத் தபாலில் ஒரு படக்கதையின் பக்கங்கள் வந்து சேர்கின்றன. பார்த்தால், அவன் வாழ்ந்து கழித்த பொழுதே அவற்றில் வரையப்பட்டிருக்கிறது. அடுத்து வருபவற்றிலோ, இன்னும் வாராத பொழுது! தான் எவராலோ வரையப்பட்ட கோடு என்பதை அப்பேதை மெல்ல மெல்ல உணர்கிறான்.

இங்கேதான் அத்துளை வருகிறது. அதனூடே பின்வரும் பக்கத்துக் கட்டமொன்று இப்பக்கத்திலேயே தெரிகிறது. நாளை நடப்பதை இன்றே படித்துவிடுகிறோம். தாளைப் புரட்டினால், அதே துளை வழியே முன்சென்ற பக்கத்துக் கட்டம் எட்டிப் பார்க்கிறது. நேற்றையது இன்று மீளவும் நிகழ்கிறது. ஒரு சொல்லும் விளக்கமாய்க் கூறாமல், காலத்தை வெறுந்தாளில் மடித்துக் காட்டிவிட்டார் மத்தியூ. நான் பிழையென்று தள்ளியதே நூலின் உயிர்நிலை! அவ்விடத்தில் தாளைப் புரட்ட என் விரல் தயங்கியது. புரட்டினால் அவனுக்கு அடுத்த துன்பம் நேரும்; புரட்டாவிடில் அவனுக்கு வாழ்வே இல்லை.

அந்நூல் 1991இல் அங்குலேம் படக்கதை விழாவில் பரிசு பெற்றது. 1995இல் வந்த இன்னொரு பாகம் இருபுறமிருந்தும் தொடங்கி நடுவில் சந்திப்பது. அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற வாரம் என் மாணவன் ஒருவன் ‘தோற்றுவாய்’ நூலை இரவல் கொண்டு போனான். மறுநாளே வந்து, “சேர், ஒரு பக்கத்தில ஓட்டை இருக்கு, ஒட்டித் தரட்டோ?” என்றான்.

“வேண்டாம் தம்பி, இன்னொரு முறை படித்துவிட்டு வா,” என்றேன்.