பூட்டப்படாத துப்பாக்கியும் பெற்றோரின் பொறுப்பும்

பிள்ளை புரிந்த கொலைகளுக்குப் பெற்றோரும் பதில் கூற வேண்டுமா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2024ஆம் ஆண்டு விடை கிடைத்தது. அங்குள்ள ஒக்ஸ்போர்ட் உயர்நிலைப் பாடசாலையில் 2021 நவம்பர் 30ஆம் திகதி 15 வயது மாணவன் நடத்திய துப்பாக்கிப் பிரயோகத்தில் மாணவர்கள் நால்வர் பலியாகினர், எழுவர் காயமடைந்தனர். அவனது தாயும் தந்தையும் தனித்தனியாக விசாரிக்கப்பட்டுக் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 2024 ஏப்ரல் 9ஆம் திகதி இருவருக்கும் 10 முதல் 15 வருடங்கள் வரையான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பாடசாலைப் படுகொலையொன்றுக்காக அந்நாட்டில் பெற்றோர் இவ்வாறு தண்டிக்கப்பட்டது அதுவே முதற்தடவையாகும்.

சம்பவத்துக்கு நான்கு தினங்களுக்கு முன்னர்தான் தந்தை மகனையும் அழைத்துச் சென்று அக்கைத்துப்பாக்கியை வாங்கினார். மறுநாள் தாய் அவனைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார். சம்பவ தினம் காலையில் மகன் வரைந்திருந்த படத்தைக் கண்டு கலக்கமடைந்த பாடசாலை நிர்வாகம் பெற்றோரை அழைத்தது. அவர்களோ அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. துப்பாக்கி வாங்கியதையும் தெரிவிக்கவில்லை. அவனது புத்தகப்பையைப் பாடசாலையும் சோதிக்கவில்லை.

பிள்ளையின் மனதிலுள்ளதைப் பெற்றோர் எவ்வாறு அறிவர் என்று சிலர் வாதிடுகின்றனர். அவ்வாதத்தை முற்றாகப் புறக்கணிக்க முடியாது. ஆனால், இங்கு பெற்றோரிடம் எதிர்பார்க்கப்படுவது மனதை அறியும் வல்லமையன்று. ஆயுதத்தைப் பூட்டி வைக்கும் சாதாரண முன்னெச்சரிக்கையே. பாடசாலைத் தாக்குதல்கள் குறித்து அமெரிக்க இரகசிய சேவை 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, துப்பாக்கி ஏந்தியோரில் சுமார் முக்கால் பங்கினர் அதனைப் பெற்றோரின் அல்லது நெருங்கிய உறவினரின் வீட்டிலிருந்தே பெற்றிருந்தனர்.

சிறுவர் உள்ள வீடுகளில் துப்பாக்கிகளைப் பூட்டி வைக்க வேண்டுமெனும் மிச்சிகன் சட்டம் 2024 பெப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. நால்வரின் உயிர் போன பின்னர் வந்த சட்டம் அது. தண்டனை மட்டும் போதுமானதன்று என்பதும் விரைவிலேயே புலனாயிற்று. தீர்ப்பு வெளியாகி ஐந்து மாதங்கள் செல்வதற்குள், செப்டெம்பர் 4ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலப் பாடசாலையொன்றில் 14 வயது மாணவன் சுட்டதில் மேலும் நால்வர் மாண்டனர். மறுதினம் அவனது தந்தையும் கைதானார்.

பெற்றோரைச் சிறையிலடைத்துவிட்டு, துப்பாக்கியைத் தாராளமாக விற்பனை செய்ய இடமளித்த அரசு கைகழுவிவிட முடியாது. அதேவேளை, அரசு செய்யத் தவறியதைக் காரணங்காட்டிப் பெற்றோரும் தப்பிக்கொள்ள முடியாது. நீதிமன்றம் வழங்கும் நீதி, பிள்ளைகள் புதைக்கப்பட்ட பின்னரே வருகிறது. பூட்டு ஒன்றே அதற்கு முன்னர் வரக்கூடியது. அதனைப் பூட்டும் கடமை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கே உரியது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.