யாருடைய ஏஜெண்டு?

பெங்களூர்த் தமிழர்களுக்கு "ஏஜெண்டு" என்ற சொல்லை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாடகை வீடு பிடித்துக் கொடுக்க ஒரு ஏஜெண்டு, ஆயுள் இன்சூரன்சுக்கு ஒரு ஏஜெண்டு, டிரைவிங் லைசென்சுக்கு ஒருவர், கட்டட வேலைக்குத் தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் ஆள் கூட்டி வர இன்னொருவர். அவர் யாருக்காகப் பேசுகிறார், அவருக்குக் கமிஷன் கொடுப்பது யார் என்பது தெரிந்துவிட்டால் மீதியை மக்கள் தாங்களே சமாளித்துக் கொள்வார்கள். வீட்டுப் புரோக்கர் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் ஒரே அளவு வேண்டியவர் என்று நம்புகிற அப்பாவிகள் அல்சூரிலும் இல்லை, ஸ்ரீராமபுரத்திலும் இல்லை.

இதே சொல் இந்த ஊரின் ஆராய்ச்சிக் கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும் வேறு வேறு பொருளில் புழங்குகிறது. நோயை உண்டாக்கும் கிருமியை டாக்டர்கள் ஏஜெண்டு என்பார்கள். தமிழில் நோய்க் காரணி. மருந்துப் பரிசோதனைக்கு ஆள் சேர்த்து வருகிறவரும் ஏஜெண்டுதான். கம்ப்யூட்டருக்குள் ஒரு மனிதனுக்குப் பதிலாக நடமாடும் கணக்கு உருவத்துக்கும் அதே பெயர். இப்போது, சொன்ன வேலையைத் தானே வழி கண்டுபிடித்துச் செய்து முடிக்கும் செயற்கை அறிவுப் புரோகிராமும் அந்தப் பெயரில் வந்து நிற்கிறது. இவற்றில் எதன் மேல் கட்டுக்காவல் அதிகம் என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கும். வாயில்லாத கிருமியின் மேல்தான்!

அந்தக் காவலும் சும்மா வந்துவிடவில்லை. 1898-ம் ஆண்டு ரயில் வழியாகப் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. பிளேக் கிருமியை யெர்சின் என்ற விஞ்ஞானி அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1894-ல், ஹாங்காங்கில் கண்டுபிடித்திருந்தார். எலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சிதான் அதை மனிதனுக்குக் கொண்டு வருகிறது என்று சிமோன் என்பவர் கராச்சியில் கண்டு சொன்னதும் அதே 1898-ல்தான். உலகம் அதை நம்பப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் பெங்களூரில் ஜனங்கள் வீடுகளைக் காலி செய்து கொண்டு வெளியேறினார்கள். நெருக்கடியான பேட்டைகளுக்கு மாற்றாக மல்லேஸ்வரமும் பசவனகுடியும் எழுந்தன. கிருமி யாரென்று தெரியாதவர்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். அம்மனாவது ஜாதி, மொழி பார்க்காமல் ஊருக்குப் பொறுப்பேற்றுக் கொண்டாள்.

இதே மாநிலத்தில், ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில், 1957-ல் குரங்குகள் செத்து விழுந்தன. பிறகு காட்டோர மக்களுக்குக் காய்ச்சல் கண்டது. வைரசை அடையாளம் கண்டார்கள். உண்ணிகள் மூலம் பரவுகிறது என்றும் கண்டார்கள். அதற்கான தடுப்பூசி பெங்களூரிலேயே தயாரிக்கப்பட்டு மலைநாட்டு மக்களுக்குப் பல ஆண்டுகள் போடப்பட்டது. பின்னால் அதன் வீரியம் போதவில்லை என்று தெரிந்து 2022-ல் நிறுத்தப்பட்டது. இது பெருமைப்படத் தக்க கதை அல்ல. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தத் தடுப்பூசிக் குப்பியானாலும் தயாரித்த இடத்தின் பெயரும் தொகுதி எண்ணும் அதன் மேல் இருக்கும். தவறு நேர்ந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரியும். மற்ற ஏஜெண்டுகளுக்கு இந்தக் குப்பிச் சீட்டு உண்டா என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டருக்குள் நடமாடும் ஏஜெண்டை எடுத்துக் கொள்ளலாம். 2020-ம் ஆண்டு கோவிட் பரவியபோது, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் (பழைய பெங்களூர்வாசிகளுக்கு அது இன்றைக்கும் "டாடா இன்ஸ்டிடியூட்"தான்) மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. பெங்களூர் முழுவதையும், மும்பை முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் குடியேற்றின. ஊரில் உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஏஜெண்டு. அவருக்கு ஒரு வயது, ஒரு வீடு, ஒரு வார்டு உண்டு. குழந்தையானால் பள்ளிக்கூடம், பெரியவரானால் வேலை செய்யும் இடம், அங்கே போய் வரும் தூரம். இப்படி ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஏஜெண்டுகள் எழுந்து, வேலைக்குப் போய், கடைவீதியில் கலந்து, வீடு திரும்பினார்கள். ஒருவருக்கு நோய் தொற்றினால் அது வீட்டில் எப்படிப் பரவும், ஆபீசில் எப்படிப் பரவும், ஆஸ்பத்திரிக் கட்டில்கள் எத்தனை தேவைப்படும் என்று கணக்குப் போட்டார்கள். ஊரை அடைத்தால் என்ன ஆகும், பள்ளிகளை மட்டும் மூடினால் என்ன ஆகும் என்பதை நிஜ மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க முடியாது. இந்த நிழல் மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கலாம். கெட்டிக்காரத்தனமான வேலை, தேவையான வேலையும்கூட.

இந்த நிழல் மனிதர்களை எதை வைத்துப் படைத்தார்கள்? அடிப்படை 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை. ஆகவே 2020-ல் யார் இந்த வேலையைச் செய்திருந்தாலும் ஒன்பது வருஷத்துப் பழைய புள்ளியிலிருந்துதான் தொடங்கியிருக்க முடியும். அந்த ஒன்பது வருஷத்தில் பெங்களூர் எப்படி வீங்கியது என்பது சர்ஜாபூர் ரோட்டில் பஸ்சுக்கு நின்றவர்களுக்குத் தெரியும். விஞ்ஞானிகள் ஜனத்தொகையை உயர்த்திக் கணக்கிட்டார்கள், உண்மை. ஆனால் எண்ணிக்கையை உயர்த்துவது வேறு. தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்துத் தூங்கும் கட்டடத் தொழிலாளியைக் கணக்கில் கொண்டு வருவது வேறு. அவருக்கு ரேஷன் கார்டு ஊரில். ஓட்டு ஊரில். வேலையும் நோயும் மட்டும் இங்கே.

இது அற்ப விஷயமல்ல. மும்பையில் 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்கு நோய் வந்து போன அடையாளம் இருந்தது. மற்றப் பகுதிகளில் நூற்றுக்கு 16 பேருக்கு. ஒரே ஊர், ஒரே கிருமி! மும்பைக் கணக்கில் குடிசைப் பகுதிகளைத் தனியாகவே பிரித்து வைத்திருந்தார்கள், அது நல்லதாயிற்று. பங்களாவில் இருக்கும் ஏஜெண்டையும் சாளில் இருக்கும் ஏஜெண்டையும் ஒன்றாக எண்ணியிருந்தால் கணக்கு எந்த லட்சணத்தில் இருந்திருக்கும்?

நாளைக்கு இந்த வகைக் கணக்குகள் தொற்று நோய்க்கு மட்டும் நிற்கப் போவதில்லை. பஸ் எங்கே விடுவது, ஆஸ்பத்திரி எங்கே கட்டுவது, தண்ணீர் எந்தப் பகுதிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதற்கெல்லாம் வரும். 2025 செப்டம்பரில் பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து விட்டது. எல்லைக் கோடுகள் புதியவை, கையில் இருக்கும் ஜனக் கணக்கு பழையது. அடுத்த ஜனத்தொகைக் கணக்கு 2027-க்கு என்று அறிவிக்கப்பட்டுள்ளது. கணக்கெடுப்பவர் வரும்போது, "இவன் என் மச்சான், சும்மா தங்கியிருக்கிறான்" என்று ஆளை மறைக்கும் பழக்கம் வீட்டுக்காரருக்குப் பயந்து வந்தது. அந்த மச்சானுக்குக் கம்ப்யூட்டரில் ஏஜெண்டு இல்லாமல் போனால், அவருடைய பங்குக் கட்டிலும் தண்ணீரும் இல்லாமல் போகும். சர்க்காரும் விஞ்ஞானிகளும் தங்கள் பங்குக்கு, இன்ன கணக்கை வைத்து இந்த முடிவுக்கு வந்தோம், இன்னாரை எண்ண முடியவில்லை என்று தமிழிலும் கன்னடத்திலும் நாலு வரி வெளியிட்டால் குடி முழுகிப் போகாது.

இனி, ரத்தமும் சதையுமான ஏஜெண்டு.

சர்க்கரை வியாதிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் இந்தியாவில் மலிவாகக் கிடைக்கின்றன. புதிதாக ஒரு கம்பெனி அதே மாத்திரையைத் தயாரித்தால், மூல மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறதோ அதே அளவுக்கு இதுவும் செய்கிறதா என்று ஆரோக்கியமான மனிதர்களிடம் பார்க்க வேண்டும். அவர்களை ஓரிரு நாள் தங்க வைத்து, மாத்திரை கொடுத்து, மணிக்கணக்கு வைத்து ரத்தம் எடுப்பார்கள். இதற்குப் பணம் கொடுப்பார்கள். இதில் தவறு ஒன்றுமில்லை. யாரோ கை நீட்டி ரத்தம் கொடுத்ததால்தான் மாத்திரை விலை குறைந்தது. பெங்களூர் இந்தத் தொழிலின் கேந்திரங்களில் ஒன்று.

தொல்லை வருவது ஆள் சேர்க்கும் இடத்தில். 2017-ம் ஆண்டு தெலங்கானாவின் கரீம்நகர் பகுதியில் ஓர் இளைஞர் இறந்ததையடுத்து ஒரு புகார் எழுந்து பத்திரிகைகளில் அடிபட்டது. பணத்தாசை காட்டி ஏழை வாலிபர்களைப் பெங்களூரில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளுக்கு ஏஜெண்டுகள் அழைத்துச் செல்கிறார்கள் என்பது புகார். சாவுக்கும் மருந்துக்கும் சம்பந்தம் உண்டா என்பது நிபுணர்கள் தீர்க்க வேண்டிய விஷயம். கிராமத்திலிருந்து பெங்களூர் வரை ஒருவரை அழைத்து வந்தவர் அவரிடம் என்ன சொன்னார் என்பதோ எந்த நிபுணரும் பார்க்காத விஷயம்.

சட்டம் இல்லாமல் இல்லை. சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் கண்டித்த பிறகு விதிகள் இறுகின. 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி நெறிமுறைக் குழு ஒப்புக் கொள்ள வேண்டும். சம்மதப் பத்திரம், கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் உண்டு. எளிதில் ஏமாற்றப்படக் கூடியவர்களிடம் புதிய மருந்து மூலக்கூறு சோதிக்கப்பட்டால் சம்மதம் வாங்குவதைப் படம் பிடித்தே வைக்க வேண்டும். எல்லாம் சரி. கேமரா ஓடத் தொடங்குவது ஆஸ்பத்திரி அறையில். பேரம் முடிவது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். "சத்து மாத்திரைதான் தம்பி, ரெண்டு நாள் ஏ.சி. ரூமில் படுத்து எழுந்தால் பணம்" என்று அங்கே சொல்லப்பட்டு விட்டால், பிறகு கேமரா முன்னால் தலையாட்டுவதற்கு என்ன மதிப்பு? ஒரு பரிசோதனை முடிந்த கையோடு, கழிய வேண்டிய இடைவெளி கழியாமல் அடுத்த கம்பெனிக்கு அழைத்துப் போகிற ஏஜெண்டு, அந்த வாலிபரின் உடம்போடு இரண்டு கம்பெனிகளின் ஆராய்ச்சி முடிவையும் சேர்த்தே கெடுக்கிறார். விஞ்ஞானத்தின் நன்மைக்காகவாவது கம்பெனிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

"அதெல்லாம் வெளியாள் சொன்னது, எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் செல்லுபடியாகக் கூடாது. இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிறருக்காகச் செயல்பட அமர்த்தப்பட்டவர் ஏஜெண்டு என்று 182-வது பிரிவில் சொல்கிறது. ஏஜெண்டு தன் வேலையின் போக்கில் பொய் சொல்லியோ மோசடி செய்தோ ஒப்பந்தம் வாங்கினால், அதை அமர்த்தியவரே செய்ததுபோலக் கொள்ள வேண்டும் என்று 238-வது பிரிவு சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், பருத்தி மூட்டைக்கும் தானிய வியாபாரத்துக்கும் பயன்பட்டது. மனித உடம்புக்கு மட்டும் ஏன் அதைவிடக் குறைந்த பாதுகாப்பு? ஆள் சேர்ப்பவரின் பெயர், அவருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது ஆகிய இரண்டையும் சம்மதப் பத்திரத்திலேயே எழுத வேண்டும் என்று விதி வந்தால் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

கடைசியாக வந்திருக்கும் ஏஜெண்டு, செயற்கை அறிவுப் புரோகிராம். 2025 பிப்ரவரியில் கூகிள் நிறுவனம் விஞ்ஞானிகளுக்குத் துணைவனாக ஒன்றை அறிவித்தது. அதற்குள்ளே பல ஏஜெண்டுகள்: ஒன்று ஆராய்ச்சிக்கு ஊகம் சொல்லும், ஒன்று அதைக் குறை சொல்லும், ஒன்று தரவரிசைப்படுத்தும். ஆராய்ச்சிக் கூடத்தோடு நின்றால் கவலை குறைவு. குறை சொல்லச் சக விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குள் வரும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது. பரிசோதனைக்கு யார் தகுதியானவர் என்று நோயாளிகளின் கேஸ் தாள்களைப் புரட்டிப் பொறுக்கி எடுக்கும் வேலையை இப்படி ஒன்றிடம் கொடுத்தால், அது பஸ் ஸ்டாண்டு புரோக்கரின் வேலையைத்தான் செய்கிறது. பொய் சொல்லாது என்று சொல்வதற்கும் இல்லை. இல்லாததை இருப்பதாக அடித்துச் சொல்வது இந்தப் புரோகிராம்களின் பிறவிக் கோளாறு.

ஒப்பந்தச் சட்டத்தின் ஏஜெண்டு ஒரு நபர். புரோகிராம் நபர் அல்ல. அதன் மேல் வழக்குப் போட முடியாது, ஜெயிலில் போட முடியாது. எனவே அதன் செயலுக்கு முழுப் பொறுப்பும் அதை அமர்த்தியவருடையதாகத்தான் இருக்க முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் பொறுப்பேற்பது யார் என்பதை வலியுறுத்துகின்றன. நெறிகள் புத்தகத்தில் இருக்கின்றன. ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டில் இல்லை.

இந்தப் புரோகிராம்களை எழுதுகிறவர்களில் பெங்களூர்த் தமிழ் இளைஞர்கள் ஏராளம். அவர்களுடைய பாட்டிமார்கள் சிவாஜி நகரிலும் மர்பி டவுனிலும் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார்கள். "இந்தப் பரிசோதனையில் என்னைச் சேர்க்கச் சொன்னது டாக்டரா, மிஷினா? கையெழுத்துப் போட்டது யார்?" என்று பாட்டி தமிழில் கேட்டால், அந்தச் சீட்டைப் பார்த்து ஒரு பெயரைப் படித்துச் சொல்ல கவுண்ட்டரில் இருப்பவரால் முடிய வேண்டும்.